மச்சானின் குழாய்

நோய் வந்தவர்களின் மலத்தில் கிருமி இறங்கும். அதனால் கட்டடங்களின் கழிவுக் குழாயிலிருந்து பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுப்பது என் வேலை. என் பாட்டிலில் தப்பு வராது.

நோயாளிகளைத் தனிமைப்படுத்திய விடுதியில் கடைசியாக இருந்தவர் என் மச்சான், அக்காவின் கணவர். அங்கேயே இறந்தார். பிறகு விடுதியைப் பூட்டித் தண்ணீரையும் நிறுத்தினார்கள். ஆனாலும் அதன் குழாயில் வாராவாரம் கொஞ்சம் கழிவு வந்தது. அதில் கிருமியும் இருந்தது.

"வேற குழாய்ல பிடிச்சிருப்பய்யா," என்றார் மேற்பார்வையாளர்.

"நீங்களே குனிஞ்சு பாருங்க சார்."

மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அக்கா மட்டும் வாராவாரம் கேட்பாள்: "அவருக்கு இன்னும் சரியாகலையாடா?"

போன வாரம் அந்தக் குழாய் காய்ந்து கிடந்தது. அக்காவிடம் சொன்னேன். அப்பாடா என்று மூச்சுவிட்டு, மச்சானின் செருப்பைத் துடைத்து வாசலில் வைத்தாள்.

இந்த வாரம் எங்கள் வீட்டுக் குழாயின் முறை. கிருமி இருப்பதாக முடிவு வந்தது. வீட்டில் நாங்கள் இருவர்தான். இருவரையும் சோதித்தார்கள், ஒன்றுமில்லை.

"குணமானவங்களுக்கும் கொஞ்ச நாள் மலத்துல வரும்னு நீதானடா சொன்னே?" என்றாள் அக்கா.

நான்தான் சொன்னேன். அது சரிதான்.

அவள் எழுந்துபோய், சாத்தியிருந்த குளியலறைக் கதவைத் தட்டித் துண்டை நீட்டினாள். கதவு கொஞ்சம் திறந்தது. துண்டு உள்ளே போனது.