இரண்டாவது ஆமோஸ்

"யாரு மகன்னு வெட்டணும்? சீக்கிரம் சொல்லுங்க, வெயில் ஏறுது" என்றார் கல் கொத்துபவர்.

தெர்சாவும் அவள் பெரியப்பா மகன் ஆர்லோவும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து இரண்டு வேறு பெயர்களைச் சொன்னார்கள்.

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்து சிகரெட் பற்ற வைத்துக்கொண்டார். பிரெண்டல் குடும்பத்துக்கு அவர் வேலை செய்வது இது முதல் தடவை இல்லை.

புதுக் கருங்கல்லில் 'ஆமோஸ் பிரெண்டல்' என்ற பெயர் ஏறிவிட்டது. அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் காலியாக இருந்தது. நாளைக்குக் குடும்பமே கல்லைத் திறந்துவைத்துச் சேர்ந்து சாப்பிட பீன்ஸ் பானைகளைத் தூக்கிக்கொண்டு, கனெக்டிகட் ஆற்றோரத்து இந்தக் கல்லறைத் தோட்டத்தில் வந்து கூடும். அத்தனை பேரும் இந்த ஆமோஸின் வழி வந்தவர்கள். ஆமோஸ், இங்கிலாந்து ராஜா ஆண்ட காலத்தில் ஊர்ச் சபையின் மூப்பராக, டீக்கனாக இருந்த ஜோசையாவின் மகன் என்பது அவர்கள் எல்லோருக்கும் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்ட செய்தி.

தெர்சா ஒருத்திதான் இல்லை என்கிறாள். எழுபது வயதைத் தாண்டியும் விடவில்லை. தலைகீழாக நின்றும் பார்த்துவிட்டாள், ஒருவரும் காது கொடுப்பதாக இல்லை.

காரணம், சற்றுத் தள்ளி மண்ணில் சாய்ந்து கிடந்த ஒரு சின்ன சிலேட்டுக் கல். மேலே இறக்கை முளைத்த ஒரு முகம். கீழே, 'ஆமோஸ், டீக்கன் ஜோசையாவின் மகன், நான்கு வயது.'

"நாலு வயசுல செத்தவன் எப்படி ஆர்லோ நமக்குப் பாட்டன் ஆவான்?"

"அடுத்தாப்ல ஒரு பையன் பொறந்திருப்பான். அவனுக்கும் ஆமோஸ்னே வச்சிருப்பாங்க. அந்தக் காலத்துல எல்லாரும் செஞ்சதுதானே, வக்கீலம்மா?"

அது உண்மை. அதுதான் அவளுக்கு எரிச்சல். ஒரு பிள்ளை செத்தால் அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைப்பது அன்றைக்கு வீட்டுக்கு வீடு நடந்த வழக்கம். அவள் எந்த ஆதாரத்தை நீட்டினாலும் ஆர்லோ இந்த ஒரே சாவியைப் போட்டுக் கதவைத் திறந்துகொண்டு போய்விடுவான்.

"டீக்கன் பொண்டாட்டிக்கு அப்ப அம்பது வயசு."

"சாராள் பிள்ளை பெத்தப்ப அவளுக்குத் தொண்ணூறு. பைபிள் படிக்கிறதில்லையா நீ?"

"டீக்கன் உயில்ல மத்த பசங்களுக்கெல்லாம் நிலம் எழுதி வச்சாரு. 'என் வீட்டிலிருக்கும் ஆமோஸுக்கு' மட்டும் ஒரு பழைய கோட்டு. பெத்த பிள்ளையை அப்படியா எழுதுவாங்க?"

"எங்கப்பா எனக்கு என்ன விட்டுட்டுப் போனாரு? ஓட்டைப் படகு."

கல் கொத்துபவர் சிரித்துவிட்டார். தெர்சாவுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

டீக்கன் வீட்டில் பேஷன்ஸ் என்று ஒரு வேலைக்காரி இருந்தாள். புருஷன் இல்லை, பால் மறந்த ஒரு பையன் மட்டும் இருந்தான். அவன் பெயரும் ஆமோஸ்தான். பைபிளைத் திறந்து பெயர் வைக்கிற ஊரில் ஆமோஸ்களுக்கா பஞ்சம்? வெளியூர்க்காரி, நாளைக்கு இவளுக்குச் சோறு போடும் பாரம் ஊர் தலையில் விழும் என்று பெரிய மனிதர்கள் கூடி அவளை ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். அதற்கு முதல் கையெழுத்துப் போட்டவர் டீக்கன். அவள் பனியில் நடந்து போனாள். பையனை மட்டும் வேலைக்கு ஆகும் என்று வீட்டோடு வைத்துக்கொண்டார்கள். வளர்ந்த வீட்டின் பெயர் அவனோடு ஒட்டிக்கொண்டது.

அவன்தான் இவர்கள் பாட்டன். தெர்சாவுக்கு இதில் துளி சந்தேகமும் இல்லை.

"சரி, டீக்கனுக்கு ஒரு ஆமோஸோ ரெண்டு ஆமோஸோ. அதுல உனக்கென்ன வந்தது?" என்றான் ஆர்லோ.

"அது ஒரு பிள்ளை, ஆர்லோ! நாலு வருஷம் உசிரோட ஓடி விளையாடின பிள்ளை. அந்தப் பேரு அவனோடது. அதைப் பிடுங்கி இன்னொண்ணு தலையில மாட்டறதுக்கு எந்தத் தாய்க்கு மனசு வரும்?"

அவள் கத்திக்கொண்டிருந்தாள். கடைசியில் குரல் உடைந்துபோனது.

ஆர்லோ அவளைப் பார்த்தான். சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்திருப்பான். ஆனாலும் வாயில் வந்துவிட்டது.

"இதை நீயா கேக்கற, தெர்சா? நீயா?"



சொன்ன பிறகு அவனுக்கே என்னவோ போலாகிவிட்டது. தொப்பியைக் கழற்றி, மறுபடியும் போட்டுக்கொண்டு, கல் கொத்துபவர் பக்கம் திரும்பினான்.

"டீக்கன் பேரையே வெட்டுங்க."

உளிச் சத்தம் ஆரம்பித்தது. பேஷன்ஸின் மகனை அவளிடமிருந்து இரண்டாவது முறையாகப் பிரித்தெடுத்துக்கொண்டார்கள்.

தெர்சா வாளியையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு கல்சுவர் ஓரமாக நடந்தாள். அங்கேதான் அவள் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். அவர்கள் நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கல். அதில் தண்ணீரை ஊற்றி, யார் மேலோ இருக்கிற கோபத்தையெல்லாம் சேர்த்து, எழுத்துகளில் படிந்திருந்த பாசியைத் தேய்த்தாள்.

'தெர்சா பிரெண்டல். மூன்று வயது.'

அதற்கு அடுத்த வருஷம் இவள் பிறந்தாள். பழைய குடும்பம், வழக்கம் விட்டுப்போகக் கூடாது என்றாராம் அப்பா. அம்மா ஒன்றும் சொல்லவில்லையாம்.

இவளுக்காக வீட்டில் புதிதாக எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளிக் கரண்டியில்கூடப் பெயர் ஏற்கெனவே பொறித்திருந்தது.