லென்ஸில் தெரியாதது

"யாரும் இழுக்காதீக, கால் தனியா வந்துரும்" என்று யாரோ கத்தினார்கள்.

கவிழ்ந்து கிடந்த திராட்சைப் பந்தலுக்கு அடியில் ஈஸ்வரபாண்டியின் தலையும் ஒரு கையும் மட்டும்தான் வெளியே தெரிந்தன. மூலைக் கல்தூண் அவருடைய வலது கால்மேல் குறுக்கே விழுந்திருந்தது. பழுக்கத் தொடங்கிய குலைகள் நசுங்கி, சாறு எது, ரத்தம் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஜோதிலட்சுமி தகப்பனின் தலையை மடியில் ஏந்தியிருந்தாள். பதினேழு வயது. "அந்த வைரத்தத் திருப்பிக் குடுத்துருங்கம்மா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்த அம்மா பவுனு, மகளின் கையைப் பிடித்துத் திருப்பினாள். "ஒனக்கு என்னடி ரத்தம்?" உள்ளங்கையில் நீளமாக ஒரு கீறல், காய்ந்து கறுத்திருந்தது. கம்பி கிழித்துவிட்டது என்றாள் ஜோதி. பவுனு அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை.

கடப்பாரையோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தான் கார்த்திக்ராஜ். அவன்தான் மாப்பிள்ளை, அத்தை மகன், கம்பத்திலிருந்து கேரள எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவன். நர்ஸிங் படிக்கணும், கல்யாணம் வேண்டாம் என்று ஜோதி சொன்னதற்கு, வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் வைத்தே அவள் உதடு கிழிய அறைந்தவன். முறை மாப்பிள்ளைதானே என்று சொந்தங்கள் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஈஸ்வரபாண்டி ஒருவர்தான். ஆனால் அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

கடப்பாரையைக் கொடுத்து நெம்பியபோது எலும்பு நொறுங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஈஸ்வரபாண்டி கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, மூலைத் தூணை இழுத்துப் பிடித்திருந்த, இப்போது அறுந்து கிடந்த கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜீப் தேனிக்குப் பறந்தது. வழியெல்லாம் பவுனு அந்த வைர மூக்குத்தியைச் சபித்துக்கொண்டே வந்தாள்.

தேனி பஜாரில் எபனேசர் கடையில் கார்த்திக்ராஜ் வாங்கியது அது. எபனேசர் லென்ஸைக் கொடுத்து எல்லோரையும் பார்க்கச் சொன்னார். துளி மஞ்சள் கிடையாது, உள்ளே புள்ளியோ கீறலோ கிடையாது என்றார். எடை கூடினால் விலை கூடும்தான், ஆனால் பட்டை சரியாகத் தீட்டவில்லையென்றால் எத்தனை பெரிய வைரமும் செத்த கல்தான் என்று, தூக்கிப் பிடித்து மினுக்கிக் காட்டினார்.

நிறம், தெளிவு, எடை, பட்டை எல்லாம் கேட்டுக்கொண்ட ஈஸ்வரபாண்டி, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "குடும்பத்துக்குச் சேருமா?"

"அதுக்கு எங்கிட்ட லென்ஸ் இல்லண்ணே. ஒரு வாரம் வீட்ல வச்சுப் பாருங்க" என்றார் எபனேசர்.

அவர்கள் வழக்கமும் அதுதான். மாப்பிள்ளை வீட்டு வைரம் ஒரு வாரம் பெண் வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் இருக்கும். அதற்குள் கெட்டது நடந்தால் வைரமும் திரும்பிப் போகும், சம்பந்தமும் திரும்பிப் போகும்.

மூக்குத்தி வந்த மறுநாளே ஆட்டுக் கொட்டத்தில் நின்ற கிடா வயிறு ஊதி, நுரை தள்ளிச் செத்தது. அடுத்து, பவுனு அடுப்பைப் பற்ற வைத்தபோது கேஸ் குப்பென்று பிடித்து முன்கை வெந்தது. இப்போது பந்தல்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். பவுனு சாமி படத்துக்கு முன்னாலிருந்து எடுத்துவந்து கையில் திணித்த மூக்குத்தி டப்பாவோடு கார்த்திக்ராஜ் வெளிறிப்போய் நின்றான்.

"கிடா போச்சு, எங் கை வெந்துச்சு, இப்ப இவுக காலு. இத எடுத்துட்டுப் போயிருங்க மாப்ள. நமக்குள்ள இந்தச் சம்பந்தம் வேணாம்" என்றாள் பவுனு.

ஜோதி அப்போதுதான் மூச்சே விட்டாள்.

கட்டிலில் இருந்து ஈஸ்வரபாண்டியின் குரல் வந்தது. "நல்ல கல்லு பவுனு அது. தலையில விழ வேண்டிய தூணு காலோட போச்சுல்ல. உசுரக் காப்பாத்துன கல்ல யாராச்சும் திருப்பிக் குடுப்பாகளா?"

பவுனு அவரையே பார்த்தாள். பிறகு டப்பாவை வாங்கி, கட்டுப்போட்ட கையாலேயே கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கார்த்திக்ராஜ் முகத்தில் ரத்தம் திரும்பியது. கல்யாணத் தேதி அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி, இருவரையும் மருந்து வாங்க அனுப்பினார் ஈஸ்வரபாண்டி.

கதவு சாத்தியதும் மகளைக் கிட்டே கூப்பிட்டார். அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அடிபட்ட ஆள் பிடி மாதிரி இல்லை அது. குரலில் மட்டும் கோபமே இல்லை.

"தானா அந்துருந்தா முறுக்குப் பிரிஞ்சு நிக்கும் தாயி. இது கட்டிங் ப்ளேயர வச்சு நறுக்குன கம்பி."

அப்பா அந்த நேரத்தில் பந்தலுக்குள் போவார் என்று தெரியாது என்று சொல்ல நினைத்தாள். கீறல் விழுந்த உள்ளங்கையை மூடிக்கொண்டாள்.

"வாரம் முடிய இன்னும் ரெண்டு நாளு கெடக்கு" என்றார் அவர். "கிடா, ஒங்கம்மா, நானு. அடுத்து யாரு?"