ஒரே டேக்

கேரவனுக்குள் ஆக்சிஜன் மெஷின் காலையிலிருந்தே விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. இருநூற்றி முப்பது காட்டவேண்டிய வோல்டேஜ் மீட்டர் நூற்றி எழுபதில் நின்றது. ஜெனரேட்டர் பார்க்கும் மாசிலாமணி ஏசியை அணைத்தான், ஒயர்களை இறுக்கினான், கெப்பாசிட்டரை மாற்றினான். வோல்டேஜ் ஏறவில்லை. கடைசியில்தான் உறைத்தது. வசனத்தை அங்கேயே பதிவுசெய்யும் லைவ் சவுண்டுக்காரர் இரைச்சல் என்று திட்டினாரே என்று இஞ்சின் வேகத்தைக் குறைத்து வைத்ததே அவன்தான். வேகத்தைக் கூட்டும் ஸ்க்ரூவைத் திருப்பினான். இஞ்சின் உறுமியது, மெஷின் கத்தல் நின்று சீராக ஓடியது. படுக்கையில் இருந்தவர் மூச்சை இழுத்துவிட்டார். அவர் நடிகை தாட்சாயணியின் கணவர். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் ஷூட்டிங்குக்குக் கூடவே கூட்டிவருகிறாள்.

"யாருய்யா அது ஜெனரேட்டரை ஏத்தினது?" செட்டிலிருந்து யாரோ கத்தினார்கள்.

பின்னாலேயே தாட்சாயணி வந்தாள். அழித்த பொட்டு, வெள்ளைப் புடவை. புருஷன் பிணத்தின்மேல் விழுந்து அழவேண்டிய காட்சி.

"கொஞ்சம் கொறைச்சு வைங்கண்ணே. ஒரே டேக்ல அழுது முடிச்சுட்டு வந்துடறேன்."

கணவர் பக்கம் திரும்பாமலே போய்விட்டாள்.

மாசிலாமணி குறைத்தான். மெஷின் மறுபடி கத்தியது. டேக்கில் சத்தம் விழுந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, படுத்திருந்தவர் மெதுவாகக் கையை நீட்டி மெஷின் ஸ்விட்சை அணைத்தார்.

வெளியே அவள் அழத் தொடங்கினாள்.