நிஜ ஸ்டேஷன் அடுத்த தெருவில்

கடைசி ஷாட் முடிந்ததும் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். ரோவீனா அழவில்லை.

ஏழு சீசன்களாக அந்த டிவி தொடரின் போலீஸ் சார்ஜென்ட் அவள். டாஸ்மேனியாவின் மேற்குக் கரையில், சிங்கி இறால் படகுகளும் மழையும் தவிர வேறொன்றும் இல்லாத டன்மோரில், சீசனுக்கு ஒரு கொலை. இந்த முறை கொலைகாரன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். யார் என்று ஊரே பந்தயம் கட்டியிருந்தது. ஒருவரும் ஜெயிக்கவில்லை.

அழுகை வரும் என்று காத்திருந்து பார்த்தாள். பல் பிடுங்குமுன் ஊசி போட்ட தாடைபோல உள்ளுக்குள் எல்லாம் மரத்துக் கிடந்தது.

மற்றவர்கள் கேக் வெட்ட எதிரே இருந்த பப்புக்குப் போய்விட்டார்கள். பழைய தபால் நிலையத்தைத்தான் போலீஸ் ஸ்டேஷனாக மாற்றியிருந்தார்கள். வெளியே இரண்டு பேர் ஏணியில் நின்று பெயர்ப்பலகையின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ரோவீனா சீருடையைக்கூட மாற்றாமல் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அந்தப் பெண் உள்ளே வந்தாள்.

நாற்பது வயதிருக்கும். மழைக்கோட்டின் ஒரு கை காலியாகத் தொங்கியது. அந்தப் பக்கத்துக் கையை உள்ளே மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பெயர் ட்ரூடி என்றாள்.

செல்ஃபி எடுக்க வந்தவள் என்று நினைத்து ரோவீனா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு புகார் குடுக்கணும்."

இது புதிதில்லை. வெளியூர்க்காரர்கள் பர்ஸைக் காணோம், நாயைக் காணோம் என்று வருவதுண்டு. எப்போதும் சொல்வதையே சொன்னாள்.

"இது நாடகத்துக்குப் போட்ட செட்டுங்க. நிஜ ஸ்டேஷன் அடுத்த தெருவுல இருக்கு."

"தெரியும். நான் இந்த ஊருதான்."

ட்ரூடி பெஞ்சில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள். கணவன் கார் கதவை அறைந்து சாத்தினானாம். அவள் விரல்கள் இடையில் இருந்தனவாம். இருப்பது தெரிந்துதான் சாத்தினானாம். போன குளிர்காலத்தில் பின்வாசல் படியில் தள்ளிவிட்டதைச் சொன்னாள். அதற்கு முன்னால் நாயை என்ன செய்தான் என்பதையும் சொன்னாள். மளிகைக் கடையில் சாமான் கேட்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஓரிடத்திலும் குரல் இடறவில்லை.

ரோவீனா தொப்பியைக் கழற்றி வைத்தாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மேஜையைச் சுற்றி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளியே பலகை தரையில் இறங்கும் சத்தம் கேட்டது.

எல்லாம் முடிந்தபிறகு, ஏன் இங்கே வந்தாள் என்று ரோவீனா கேட்டாள். இந்த வாசலில் நுழைந்தால் ஊரில் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்றாள் ட்ரூடி. எல்லாரும் படம் எடுத்துக்கொள்ள வருகிற இடம்தானே. ஸ்டேஷன் மாதிரி ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும்போல் இருந்ததாம். நாளைக்கு இதுவும் இருக்காதே.

ரோவீனா கார் சாவியை எடுத்தாள். நானே கூட்டிப்போகிறேன், முடிகிறவரை பக்கத்திலேயே இருக்கிறேன் என்றாள். ட்ரூடி சாவியையே பார்த்தாள். எழுந்து பின்னாலேயே வந்தாள்.

தேவாலயத்தருகே வண்டி திரும்பும்போது ரோவீனா தைரியம் சொன்னாள்.

"பயப்படாதீங்க. இங்க இருக்கிற சார்ஜென்ட் தங்கமான மனுஷன். புகார் குடுக்க வர்ற பொம்பளைங்க முன்னாடி எப்படி உக்காரணும், எப்ப வாயே தொறக்காம இருக்கணும், எல்லாம் இந்தத் தொடருக்காக எனக்கு அவர்தான் சொல்லிக் குடுத்தாரு."

ட்ரூடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும். முதல்ல எங்க வீட்டுல என்னை உக்கார வச்சுத்தான் ஒத்திகை பாத்தாரு. சரியா வருதான்னு கேட்டாரு."

முகத்தைத் திருப்பாமலே, "வந்துச்சு," என்றாள்.

ஸ்டேஷன் வந்துவிட்டது. அதை ஒட்டியே சார்ஜென்டின் வீடு. சார்ஜென்ட் வாசல் வேலியோரம் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். ரோவீனாவின் காரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினார்.

அதற்குள் ட்ரூடி முழங்காலில் நெற்றி படும்படி குனிந்திருந்தாள்.

ரோவீனாவும் கையை உயர்த்தினாள். சிரித்தாள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுக்கவில்லை.

அடுத்த ஸ்டேஷன் மலைக்கு அந்தப் பக்கம். மழை பிடித்துக்கொண்டது. வண்டி மலைப்பாதையில் ஏறும்வரை ட்ரூடி தலையை நிமிர்த்தவில்லை.