அட்மின் செய்த அநியாயம்

கண்ணம்மாளைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு விளக்கம் சொல்லவில்லை. 'அட்மின் உங்களை நீக்கிவிட்டார்.' அவ்வளவுதான்.

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் இருபத்திரண்டு பெண்கள். அத்தனை பேரும் 'மாயவிளக்கு' சீரியலின் வெறி ரசிகைகள்; போனில் அதற்கென்றே அந்தக் குரூப். கதையில் யாமினி என்று ஒரு கர்ப்பிணி. அவள் வயிற்றுப் பிள்ளைக்கு அலையும் ஒரு சூனியக்காரி. பிள்ளையைக் காக்க அம்மன் முன்னால் யாமினி அணையாமல் ஏற்றி வைத்திருக்கும் ஒரு விளக்கு. இந்தியிலிருந்து டப்பிங். வாயசைவும் வசனமும் ஒட்டாது. அதனாலென்ன, கண்ணீர் ஒட்டுமே!

"அப்படி என்னக்கா குரூப்ல போட்டீங்க?" என்றாள் அனுப்ரியா. சமூகப்பணி படிக்கும் பல்கலைக்கழக மாணவி. தொழிலாளர் உரிமை பற்றி ஆய்வு செய்ய ஒரு மாதமாக அங்கே வந்துபோகிறாள். ஆய்வைவிட வாதம் அவளுக்கு நன்றாக வரும்.

எட்டு மாத வயிற்றோடு ஸ்டூலில் சாய்ந்திருந்த கண்ணம்மாள் போனை நீட்டினாள்.

'இத்தன நாள் வெளக்கு வெச்சும் ஆத்தா கண்ணத் தொறக்கல. அப்புறம் யாரத்தான் நம்பறது?'

"இதுக்கா?"

"இதுக்குத்தான் கண்ணு. ஆத்தா சோதிக்கறான்னு ஒருத்தி போட்டா. ஆத்தா உடனே வந்துட்டா சீரியலு முடிஞ்சுருமேன்னு இன்னொருத்தி போட்டா. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. திடீர்னு இந்தச் சித்ரகலா, 'சாமியக் கொற சொல்றவங்க இங்க இருக்க வேண்டாம்'னு தூக்கிப்போட்டா. ஊட்டுலயும் ஒரு வாரமா கேபிள் வர்றதில்ல. யாமினிக்கு என்னாச்சுன்னு கேட்டா எவளும் வாயத் தொறக்க மாட்டேங்கறா."

அனுப்ரியாவுக்குச் சுரீரென்றது. கேள்வி கேட்டதற்குத் தண்டனையா? அதுவும் வாயும் வயிறுமாக இருப்பவளை ஊரே சேர்ந்து ஒதுக்குவதா?

"நான் கேக்கறேன்க்கா. பதில் வாங்காம வரமாட்டேன்."

டீ பிரேக்கில் சூப்பர்வைசர் சித்ரகலா வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். குரூப்புக்கு அட்மினும் அவள்தான்.

"வா அம்மிணி, வடை வேணுமா?"

"வடை வேண்டாங்க, பதில்தான் வேணும். நம்பிக்கை இருக்கறவங்களுக்குத்தானுங்க கோபம் வரும். நம்பாதவங்க எதுக்கு ஆத்தாகிட்ட நியாயம் கேக்கப் போறாங்க? அதுகூடப் புரியாமத் தூக்கிப்போட நீங்க என்ன, அம்மனுக்கு மேனேஜருங்களா?"

சித்ரகலா வடையைக் கீழே வைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். தையல் மெஷின் பக்கம் உட்கார்ந்திருந்த பூனம் என்ற பெண்ணைக் கண்ணால் காட்டினாள்.

"அந்தப் பீகாருப் புள்ள இந்தக் கதைய மூணு வருசத்துக்கு முன்னாலயே இந்தியில பாத்துருச்சு."

"அதுக்கு?"

"வர்ற வாரம் யாமினிக்குக் கொழந்த செத்துப் பொறக்குதாம். அந்த வெளக்க அவளே தூக்கிக் கெணத்துல வீசறாளாம்."

அனுப்ரியா சித்ரகலாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கண்ணம்மாளுக்குப் பதினோரு வருசங் கழிச்சு உண்டாயிருக்குது. யாமினி வெளக்கு வெச்ச அன்னைக்கே இதுவும் ஊட்டுல வெளக்கு வெச்சுருச்சு. அவளுக்கு நல்லபடியாப் பொறந்தா தனக்கும் பொறக்கும்னு. குரூப்புல கேட்டுச்சே, அது யாமினிக்காகக் கேட்ட கேள்வி இல்ல அம்மிணி. படிச்சதும் எனக்குப் பக்குனு ஆயிருச்சு. யாரும் மூச்சு விடக்கூடாதுன்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லி வெச்சிருக்கறேன். ஆனாலும் எவளாச்சும் மறந்துபோய் அந்த இந்திக் கிளிப்பப் போட்டுட்டா? இத்தன பேரு கையையும் கட்டி வெக்க முடியுமா?"

"பக்குவமா எடுத்துச் சொல்லியிருக்கலாமுல்லங்க்கா?"

"என்னன்னு சொல்றது? கொழந்த சாகுது, நீ பாக்காதேன்னா?"

அனுப்ரியா கண்ணம்மாளின் ஸ்டூல் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"என்னைய வைஞ்சுட்டுப் போகட்டும். பயந்து சாகறதுக்கு அது தேவல."

"அந்தக் கேபிளு...?"

"கேபிள்காரன் எங்கொழுந்தன்தான். ஒயரப் புடுங்கச் சொன்னதும் நாந்தான்." சித்ரகலா மறுபடி வடையைக் கையில் எடுத்தாள். "புள்ள பொறந்த அன்னைக்குக் குரூப்புல சேத்திக்கறேன். அதுவரைக்கும் நான் ராட்சசியாவே இருந்துட்டுப் போறேன்."

பெல் அடித்தது.

கண்ணம்மாள் கையிலிருந்த பனியனைக்கூடக் கீழே வைக்காமல் காத்திருந்தாள்.

"நல்லாக் கேட்டுட்டயா கண்ணு? என்னதான் சொன்னா அவ?"

கல்லூரி மேடையில் ஒரு வாதத்திலும் தோற்றுப் பழகாத அனுப்ரியா, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டாள்.

"யோசிச்சுப் பாத்தா தப்பு உங்க மேலதானுங்க்கா. ஆத்தாளைப் போய் யாராச்சும் சந்தேகப்படுவாங்களா?"