ஸ்பாக்ஸ் லெஸ்லி

“அந்த மெயிலை அனுப்பாதையும், செலீன்.”

லெஸ்லி சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து, மனைவியின் லாப்டொப் மூடியை அழுத்திப் பிடித்தான். கனடாவில் அவர்களுடைய மல்வேர்ன் வீட்டில், அடுப்புக்குப் பக்கத்துக் குசினி மேசை. மணி மூன்று நாற்பது. நான்கு மணிக்குள் செலீன் பதில் அனுப்பியாக வேண்டும்.

அவள் கணவனின் கால்களைப் பார்த்தாள். கலியாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவன் சப்பாத்தோடு வீட்டுக்குள் வந்து அவள் பார்த்ததில்லை.

மார்க்கம் நகரத்தில் செலீன் வேலை செய்யும் கம்பனி, கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்கள் செய்கிறது. அவளுடைய பிரிவை அடுத்த மாதம் மூடுகிறார்கள். அவளுக்கு மட்டும் ஒரு வழி விட்டிருந்தார்கள். துனிசியாவில் ஸ்பாக்ஸ் என்ற துறைமுக நகரத்தில் இரண்டு வருடம் பொறுப்பாளர் வேலை. கணவனையும் கூட்டிப் போகலாம். வேண்டாமென்றால் வேலையே இல்லை.

நகரத்தின் பெயரைப் பார்த்ததும் செலீனுக்குச் சிரிப்பு வந்தது. கனடாவுக்கு வருமுன் லெஸ்லி பதினான்கு மாதம் இருந்த இடம். மாப்பிள்ளை ஸ்பாக்ஸ் துறைமுகத்தில் வேலை செய்தவர் என்று சொல்லித்தான் அவளுக்குக் கலியாணமே பேசினார்கள். எந்தப் பார்ட்டியிலும் இரண்டாவது கிளாஸுக்கு, “நான் ஸ்பாக்ஸிலை இருக்கேக்கை…” என்று தொடங்கிவிடுவான். விடிய ஐந்து மணிக்கு மீன்காரன் அடிக்கும் ஹோர்ன். முன்வீட்டு மாடியில் காயும் சிவப்பு மிளகாய். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகிற வெள்ளை உடுப்புகள். தெருவில் பந்தடிக்கும் பெடியளைத் தாய்மார் கூப்பிடும் பெயர்கள்கூட அவனுக்குப் பாடம். நண்பர்கள் ஸ்பாக்ஸ் லெஸ்லி என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

துள்ளிக் குதிப்பான் என்று நினைத்துத்தான் அவனுக்கு டெக்ஸ்ட் அனுப்பினாள். அவனோ ஷிஃப்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நிற்கிறான்.

“இவ்வளவு காலமும் ஸ்பாக்ஸ் புராணம் பாடினது ஆர்?” என்றாள். “நானோ?”

அவன் காரணங்களை அடுக்கினான். அங்கே வெயில் என்றான். ஒவ்வொரு பெப்ரவரியும் பனி வழிக்கும்போது ஸ்பாக்ஸ் வெயிலை நினைத்து உருகுகிற ஆள் யார் என்று அவள் கேட்டாள். மகனைத் தனியே விடுவதா என்றான். மகன் யூனிவர்சிட்டி ரெசிடென்ஸுக்குப் போய் ஒரு வருடமாகிறது, எங்களை மறந்தே போனான் என்றாள்.

பிறகு போனில் வரைபடத்தைத் திறந்து, துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள தெருக்களின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். எந்தத் தெருவில் இருந்தீர்கள்? தெரியவில்லை என்றான். பாண் கடை எந்தப் பக்கம்? தெரியவில்லை. வேலைக்கு எந்த வழியால் போவீர்கள்? அவன் போனைத் தள்ளிவிட்டான்.

மூன்று நாற்பத்தெட்டு.

செலீன் குரலை உயர்த்தவில்லை. “ஆரப்பா அவள்?”

“எவள்?”

“அங்கை இருக்கிறவள். நான் போய்க் காணக்கூடாதெண்டு நீங்கள் பயப்பிடுறவள். பிள்ளையளும் இருக்கோ?”

“அதை இப்ப கேக்காதையும்,” என்றான் லெஸ்லி.

செலீன் அஜின்கோர்ட்டில் இருக்கும் அவனுடைய அக்கா மக்டலீனுக்குப் போன் எடுத்தாள். கலியாணம் பேசியது அவள்தான். ஸ்பாக்ஸில் இவருக்கு என்ன நடந்தது என்று நேராகவே கேட்டாள். மக்டலீன் டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

“அதை நான் சொல்லக்கூடாது, செலீன். அவனே சொல்லட்டும்.” போன் வைக்கப்பட்டது.

செலீனுக்கு அது போதும். கணவனின் கையை மூடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். லாப்டொப்பைத் திறந்தாள்.

“நான் தனியப் போறன். அவளைக் கண்டால் நீங்கள் சுகம் விசாரிச்சதாச் சொல்லிவிடுறன்.”

பட்டனை அழுத்தினாள். மெயில் போய்விட்டது. மூன்று ஐம்பத்திரண்டு.

லெஸ்லி கதிரையில் உட்கார்ந்தான். குனிந்து ஒரு சப்பாத்தைக் கழற்றினான். மற்றதையும் கழற்றினான்.

“அங்கை பொம்பிளையும் இல்லை, துறைமுக வேலையும் இல்லை,” என்றான். “அது எங்கடை கலியாணத்துக்காக அக்கா சொன்ன பொய். பிறகு மாத்த ஏலாமல் போச்சு.”

செலீன் லாப்டொப்பை மூடினாள்.

“நீர் தனியப் போகவேண்டாம். நானும் வாறன். வீடு எடுக்கேக்கை மட்டும், கதவு உள்ளுக்காலை திறக்குமோ எண்டு பாரும்.”

“கதவுக்கு என்ன?”

லெஸ்லி வெறும் கால்களைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“கனடா அனுப்புறனெண்டு பாஸ்போட்டை வாங்கின ஏஜென்ற், பொலிசுக்குப் பயந்து பதினாலு மாதமும் என்னை ஒரு மூண்டாம் மாடி அறையிலை வெளியாலை பூட்டி வைச்சிருந்தவன். அங்கை ஒரு தெருவிலையும் நான் நடந்ததில்லை, செலீன். எல்லாம் ஜன்னலாலை பார்த்தது.”