எழுந்து போனால் படுத்துக்கும்

"இப்ப ஓடும் சார். நீங்க அந்தச் சேர்ல உக்காந்திருக்கிற வரைக்கும் ஜோரா ஓடும். எழுந்து போய்ப் பாருங்க, படுத்துக்கும்!"

இடுப்பில் கைவைத்துக்கொண்டு தனம் சொன்னாள். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தவர் பதில் பேசவில்லை. பேசவும் மாட்டார். 'மௌனத்தில் இருக்கிறேன்' என்று சட்டையில் ஓர் அட்டை குத்தியிருந்தார். ரமணாசிரமத்துப் பக்கம் அட்டை குத்தியவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ரிப்பேருக்கு வருகிற ஆளே அட்டையோடு வந்து நிற்பார் என்று தனம் நினைக்கவில்லை. ஊருக்கு ஏற்ற ஆளாகத்தான் பார்த்து அனுப்பியிருக்கிறார்கள்!

பதினோரு மணிக்கு ஆள் வரும் என்று சென்னைக் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். சொன்னபடி முதுகில் பையோடு வாசலில் நின்றார். நோட்டை எடுத்து ஏதோ எழுதப் போனவரை, "எழுதறதெல்லாம் அப்புறம் வெச்சிக்கலாம் சார், தலை போற வேலை இது" என்று உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்து, பாஸ்வேர்டு சீட்டையும் முன்னால் வைத்துவிட்டாள்.

உண்மையிலேயே தலை போகிற வேலைதான். தனத்தின் கெஸ்ட் ஹவுஸுக்கு வெப்சைட் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. இதுவரை ஒரு புக்கிங் கிடையாது.

"உன் வெப்சைட்டுக்கு ஈ காக்கா வரலை. இந்தப் பௌர்ணமிக்குள்ள ஒரே ஒரு புக்கிங் வரட்டும், நான் வாயே திறக்கல. இல்லைன்னா மாடி ரூம் நாலுலயும் மல்லாட்டை மூட்டைதான்" என்று கணவர் ராமதாஸ் சொல்லிவிட்டார். பௌர்ணமி நாளைக்கு. கீழ்பென்னாத்தூரில் கடலை மூட்டை ஏற்ற வேன் தயாராக நிற்கிறது.

"கம்பெனிக்குப் போன் போட்டா, 'பார்த்தோம் மேடம், நல்லா ஓடுதே'ங்கிறாங்க. அவங்க பார்க்கும்போது ஓடுது. பார்த்துட்டுப் போனா நின்னுடுது. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

மேசைக்கடியில் இருந்த சின்னக் கறுப்புப் பெட்டிதான் வெப்சைட்டுக்கு வீடு. லினக்ஸ் போட்டது. அதற்குள் கன்டெய்னர் என்று ஒன்று இருக்கிறதாம், புக்கிங் புரோகிராம் அதற்குள் ஓடுகிறதாம். மனிதர் மடமடவென்று தட்டினார். திரையெல்லாம் பச்சை. கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

"விரலை இறக்குங்க சார். இதுவரைக்கும் பார்த்த எல்லாரும் இதேதான் காட்டினாங்க."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்து, ஓரிடத்தில் விரலை வைத்துத் தனத்தைப் பார்த்தார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"ஒன்பது பத்து, ஸ்டாப். ஒண்ணு இருபத்தஞ்சு, ஸ்டாப்... ஒன்பது பத்துக்கு நான் பூ வாங்கப் போவேன். ஒண்ணு இருபத்தஞ்சு, குழம்பு தாளிக்கப் போற நேரமாச்சே! இந்தப் பெட்டிக்கு எப்படி சார் தெரியும்?"

'எழுந்து போகும்போது என்ன செய்வீர்கள்?' என்று நோட்டில் எழுதினார்.

"லாக் அவுட் பண்ணிட்டுத்தான் எழுந்திருப்பேன்" என்றாள் தனம் பெருமையாக. "கேஸை அணைக்கிறோம், ஃபேனை நிறுத்தறோம். இதை மட்டும் அப்படியே போட்டுட்டுப் போவாங்களா?"

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு நோட்டில் ஒரு வீடு வரைந்தார். ஒரு பெண் கதவைப் பூட்டிக்கொண்டு போகிறாள், உள்ளே விளக்கு அணைந்திருக்கிறது. கீழே எழுதினார்: 'கன்டெய்னர் உங்கள் பெயரில் ஓடுகிறது. நீங்கள் லாக் அவுட் செய்தால் அதுவும் நின்றுவிடும். கம்பெனிக்காரர்களும் உங்கள் பெயரில்தான் உள்ளே வருகிறார்கள். வந்ததும் மறுபடி ஓடும்.'

"அய்யய்யோ! அப்ப ரெண்டு மாசமா நான்தான் அணைச்சிட்டிருக்கேனா?"

அவர் கொஞ்சமும் இரக்கம் காட்டாமல் தலையாட்டினார். ஆள் போனாலும் வேலை நிற்காதபடி ஒரே ஒரு வரி தட்டினார். நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பி எழுத ஆரம்பித்தவரிடமிருந்து, "இந்தப் படத்தை அவருக்குக் காட்டணும்" என்று தனம் நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

லாக் அவுட் செய்தாள். சமையலறைக்கு ஓடினாள். போனில் வெப்சைட்டைத் திறந்தாள். திறந்தது! சாதம் வடித்துவிட்டுப் பார்த்தாள். அப்போதும் திறந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

'டிங்.'

"ஏங்க! இங்க வாங்க! புக்கிங்! பலராமனாம், மாடி ரூம், பத்து நாள், இன்னைலேர்ந்து!"

ராமதாஸ் வந்து இரண்டு தடவை படித்தார். "யாரோ கை தவறி அமுக்கியிருப்பான்" என்றார். மூன்றாவது தடவையும் படித்தார். பிறகு வேன்காரருக்குப் போன் போட்டார். "வேடியப்பா, மூட்டையை ஏத்தாத. ஏத்திட்டியா? சரி, இறக்கு."

தனம் துள்ளிக் குதிக்காத குறைதான். "சாருக்கு மொதல்ல ஒரு காபி போடறேன்" என்று திரும்பும்போது அவள் போன் அடித்தது.

"மேடம், சென்னைக் கம்பெனிலேர்ந்து அனுப்பின டெக்னீஷியன் பேசறேன். பஸ்ஸு செஞ்சியிலயே பிரேக் டவுன் ஆய்டுச்சு. நான் அங்க வர மூணு மணி ஆகும், கோச்சுக்காதீங்க."

தனம் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். மௌனச்சாமி பையை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றார். ஒரு கையில் இருந்த போனில் 'பலராமன், உங்கள் அறை பதிவாகிவிட்டது' என்று தெரிந்தது. மறு கையை, மாடி ரூம் சாவிக்காக நீட்டிக்கொண்டிருந்தார்.